மாநாட்டுக்கு ஊர் பார்ப்பது எப்படி? – டெபியன் சமூகம் கற்றுத்தரும் பாடம்

(மூன்றாமாண்டு மாணவர், கணினிப் பொறியியல் பிரிவு)



நம் வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் முதல் வாக்குவாதம் எதில் தொடங்கும்? "மண்டபம் எந்த ஊர்ல?" என்பதில்தான் தொடங்கும். பெண் வீட்டு ஊரில் வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ் பிடித்து வர வேண்டும். நடுவில் இருக்கும் டவுனில் வைத்தால் இரண்டு பக்கத்துப் பாட்டிகளாலும் வர முடியாது. முகூர்த்த நாளில் மண்டபம் காலி இல்லை. மண்டபம் காலியாக இருக்கும் நாளில் முகூர்த்தம் இல்லை. கடைசியில் பெரியவர் ஒருவர், "எந்த ஊர்ல நின்னு வேலை பார்க்க நம்ம ஆளுங்க இருக்காங்களோ அங்கேயே வைங்கப்பா" என்று சொல்லி முடித்து வைப்பார்.

இதே தலைவலி, கணினி உலகத்தில் ஒவ்வொரு வருடமும் சிலருக்கு வருகிறது. கட்டற்ற மென்பொருள் எழுதும் சமூகங்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடும்போது எந்த நாட்டில், எந்த ஊரில் கூடுவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? சிம்போசியம் நடத்துவதிலும், டெக்னிக்கல் ஃபெஸ்ட் நடத்துவதிலும் ஆர்வம் உள்ள நமக்கு இதில் நிறையப் பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

டெபியன் என்பது என்ன?

நிரலின் மூலத்தை எல்லோரும் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு வெளிவருவதே கட்டற்ற மென்பொருள். அதில் டெபியன் மிக மூத்த, மிகப் பெரிய முயற்சிகளில் ஒன்று. 1993-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி, இயன் மர்டாக் என்ற மாணவர் அமெரிக்காவில் இதைத் தொடங்கினார். அவருடைய தோழி டெப்ரா, அவர் இயன். இரண்டு பேரையும் சேர்த்தால் டெபியன்! இதற்கு முதலாளி கிடையாது, கம்பெனி கிடையாது. பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தும் ஹாஸ்டலிலிருந்தும் செய்கிற வேலை இது.

"நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். நம் அண்ணன், அக்காமார் வாங்கிய அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு கூட 'பாஸ்' என்ற இன்னொன்றும் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த பாஸ், டெபியனை அடிப்படையாக வைத்துக் கட்டப்பட்டதுதான்.

இந்த டெபியன்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடுவதற்குப் பெயர் டெப்கான்ஃப். 2000-ஆம் ஆண்டு பிரான்சில் போர்தோ நகரில் முதல் கூட்டம் நடந்தது. மாநாடு ஏறத்தாழ ஒரு வாரம். அதற்கு முந்தைய வாரம் 'டெப்கேம்ப்' என்று ஒன்று உண்டு. அதில் பேச்சு கிடையாது, உட்கார்ந்து வேலை பார்ப்பது மட்டும்தான்.

எல்லாம் மின்னஞ்சலிலேயே நடக்கும்போது நேரில் ஏன் கூட வேண்டும்? நியாயமான கேள்வி. ஒரு காரணத்தை மட்டும் சொல்கிறேன். டெபியனில் ஒருவர் அனுப்பும் மென்பொருள் உண்மையில் அவர் அனுப்பியதுதானா என்று சரிபார்க்க, ஒவ்வொருவருக்கும் ஒரு மின்னணுச் சாவி உண்டு. அந்தச் சாவி இன்னாருடையது என்று ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் நேரில் பார்த்து, பாஸ்போர்ட் போன்ற அடையாளத்தைப் பார்த்து, தன் சாவியால் கையொப்பம் இடுவது நெடுங்கால வழக்கம். பக்கத்தில் உறுப்பினரே இல்லாத ஊரில் இருக்கிற பையன் என்ன செய்வான்? மாநாடு அவன் பக்கம் வந்தால்தான் அவனுக்கு வழி. ஆகவே ஊரைத் தேர்ந்தெடுப்பது பொழுதுபோக்கு விஷயம் இல்லை. யார் உள்ளே வருவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்பதே அதில் முடிவாகிவிடுகிறது.

ஊரா, ஆளா?

முதல் பாடம் இது. ஒரு மையக் குழு உட்கார்ந்து உலக வரைபடத்தை விரித்து, "இந்த வருஷம் இங்கே போகலாம்" என்று விரல் வைப்பதில்லை. ஓர் ஊரில் இருக்கும் நண்பர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, "எங்க ஊர்ல நடத்துறோம்" என்று முன்வர வேண்டும். அரங்கம், தங்குமிடம், சாப்பாடு, இணைய வசதி, விமான நிலையத்திலிருந்து தூரம், செலவுக் கணக்கு, விசா நிலவரம் எல்லாவற்றையும் எழுதி எல்லோரும் படிக்கும்படி வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் குறுக்குக் கேள்வி கேட்கலாம். அதன்பின் மாநாட்டுக் குழு முடிவு செய்யும். இந்த வேலை மாநாட்டுக்கு ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே தொடங்கிவிடும்.

ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும், கேட்க ஆள் இல்லாவிட்டால் அந்த ஊர் போட்டியிலேயே இல்லை. நம் கல்யாணப் பெரியவர் சொன்ன தீர்ப்பும் இதுதானே!

தொடர் இணைப்பும் பக்க இணைப்பும்

முதலாமாண்டில் மின்சுற்றுப் பாடம் படித்திருக்கிறோம். தொடர் இணைப்பில் ஒரு பல்பு எரிந்துபோனால் மொத்த சுற்றும் அணைந்துவிடும். பக்க இணைப்பில் ஒன்று போனாலும் மற்றவை எரியும். ஊர்த் தேர்வுக்கான நிபந்தனைகளையும் இப்படி இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தொடர் இணைப்பில் வருபவை ஐந்து.

1. ஆள். நின்று வேலை பார்க்கும் உள்ளூர்க் குழு. இரண்டு பேர் போதாது. ஒருவருக்கு வெளிநாட்டு வேலை கிடைத்து, இன்னொருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மாநாடு அநாதை.

2. வாசல். வருபவர்களுக்கு அந்த நாடு விசா கொடுக்குமா? வந்தவர்கள், தாங்கள் யார் என்ற காரணத்துக்காகப் பயப்படாமல் தெருவில் நடக்க முடியுமா?

3. இடம். அரங்கமும் அறைகளும் ஒரே தேதியில் கிடைக்க வேண்டும். விடுமுறையில் ஹாஸ்டல் காலியாக இருக்கும், ஆனால் ஆடிட்டோரியத்தில் ஒயிட்வாஷ் நடக்கும். இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன?

4. இணைப்பு. மின்சாரமும் இணையமும். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 300 பேர், ஆளுக்கு ஒரு மடிக்கணினி, ஒன்றுக்கு 65 வாட் என்று வைத்தால் 300 x 65 = 19,500 வாட். சிங்கிள் ஃபேஸில் 230 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 85 ஆம்பியர்! த்ரீ ஃபேஸில் 415 வோல்ட்டுக்குப் பிரித்தால் ஏறத்தாழ 27 ஆம்பியர். ஏசியும் புரொஜெக்டரும் இதில் சேரவில்லை. எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்களைக் கேட்காமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இணையமும் அப்படியே. ஆளுக்கு ஒரு மடிக்கணினி, ஒரு கைப்பேசி என்றால் 600 கருவிகள். வீட்டு வைஃபை பெட்டி இதற்குத் தாங்காது. பேச்சுகளை நேரலையாக அனுப்ப வேண்டியிருப்பதால், இறக்கும் வேகத்தைப் போலவே ஏற்றும் வேகமும் முக்கியம்.

5. பணம். ஸ்பான்சர் தரும் பணத்தை வாங்கி, ரசீது கொடுத்து, கணக்குக் காட்டச் சட்டப்படி ஓர் அமைப்பு வேண்டும். தனி ஆளின் சேமிப்புக் கணக்கில் வாங்கினால் நட்பும் போய்விடும், நிம்மதியும் போய்விடும்.

இந்த ஐந்தில் ஒன்று பூஜ்யமானாலும் மொத்தமும் பூஜ்யம். இங்கே பெருக்கல்தான் நடக்கிறது, கூட்டல் இல்லை.

பக்க இணைப்பில் வருபவை மற்றவை: அறையின் தரம், செலவு, பயண வசதி, சாப்பாடு, தட்பவெப்பம், சுற்றிப் பார்க்கும் இடங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இன்னொன்று ஈடு கட்டும். இங்கே கூட்டல் செல்லும்.

ஒரு பயிற்சிக் கணக்கு

கற்பனையாக மூன்று நகரங்களை எடுத்துக்கொள்வோம். பக்க இணைப்பு விஷயங்களுக்கு மட்டும் 10-க்கு மதிப்பெண் போடுவோம். தங்குமிடத்துக்கு எடை 3, செலவுக்கு 3, பயணத்துக்கு 2, உணவுக்கு 1, சுற்றுப்புறத்துக்கு 1. ஆக மொத்தம் 100.

அ நகரம்: தங்குமிடம் 9, செலவு 5, பயணம் 10, உணவு 8, சுற்றுப்புறம் 9.
27 + 15 + 20 + 8 + 9 = 79.

ஆ நகரம்: தங்குமிடம் 7, செலவு 9, பயணம் 6, உணவு 7, சுற்றுப்புறம் 5.
21 + 27 + 12 + 7 + 5 = 72.

இ நகரம்: தங்குமிடம் 8, செலவு 6, பயணம் 8, உணவு 8, சுற்றுப்புறம் 7.
24 + 18 + 16 + 8 + 7 = 73.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் அ நகரம் அமோக வெற்றி. ஆனால் தொடர் சுற்றைச் சோதித்துப் பாருங்கள். அ நகரத்தில் உள்ளூர்க் குழு என்று இருப்பது இரண்டே பேர். இ நகரத்தில், வர நினைப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு விசா கிடைக்குமா என்பதே சந்தேகம். இரண்டு சுற்றும் அறுந்துவிட்டன. கடைசியில் நின்ற ஆ நகரம்தான் மிச்சம்! ஆகவே முதலில் ஐந்து கதவுகளையும் தட்டிப் பார்க்க வேண்டும். மதிப்பெண் அதற்குப் பிறகு. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுப் பின்னால் கையைப் பிசைகிறார்கள்.

செலவிலும் ஒரு கணக்கு போடுவோம். 300 பேர், 8 இரவுகள். ஒருவருக்கு ஓர் இரவு வாடகை 1,000 ரூபாய் கூடினால் 300 x 8 x 1,000 = 24 லட்சம் ரூபாய். சாப்பாட்டில் வேளைக்கு 100 ரூபாய் கூடினால், மூன்று வேளைக்கு, எட்டு நாளைக்கு, 7 லட்சத்து 20 ஆயிரம். சாம்பாரா பிரியாணியா என்று நாம் மணிக்கணக்காகச் சண்டை போடுகிறோம். உண்மையில் பட்ஜெட்டை விழுங்குவது தலையணை! டெபியன் மாநாடுகள் பல்கலைக்கழக விடுதிகளையும் இளைஞர் விடுதிகளையும் தேடிப் போவதற்கு இது ஒரு காரணம். 2013-ல் சுவிட்சர்லாந்தில் நடந்தபோது, செலவு மிகுந்த அந்த நாட்டில் வோமார்க்கு என்ற சிற்றூரில், நூசாத்தல் ஏரிக்கு மேலே உள்ள ஒரு முகாமில்தான் கூடினார்கள். 2015-ல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் இளைஞர் விடுதியே மாநாட்டு இடம்.

எந்த ஊர் யாருக்குக் கிட்ட?

இனி கொஞ்சம் உலகம் சுற்றுவோம். 2016-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். 2017-ல் கனடாவின் மான்ட்ரியால். 2018-ல் தைவானின் சிஞ்சு. 2019-ல் பிரேசிலின் குரிச்சிபா. நான்கு வருடத்தில் நான்கு கண்டங்கள்! ஆப்பிரிக்கக் கண்டத்துக்கு 2016-ல்தான் முதன்முதலாக வந்தார்கள். ஆசியாவுக்கு முதன்முதலாக வந்தது 2018-ல்.

ஏன் இப்படிச் சுற்ற வேண்டும்? ஒரே இடத்தில் இருந்தால் என்ன? இருப்பவர்களும் உண்டு. ஃபாஸ்டெம் என்ற பெரிய கட்டற்ற மென்பொருள் கூட்டம் 2001 முதல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்திலேயே, ஒரே பல்கலைக்கழக வளாகத்தில், குளிர்காலத்தின் ஒரு சனி ஞாயிறில் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. வகுப்பறை எங்கே, பிளக் பாயிண்ட் எங்கே என்பது நடத்துபவர்களுக்கு அத்துப்படி. இது பெரிய லாபம்தான். ஆனால் ஐரோப்பிய விசா கிடைக்காதவருக்கு அந்தக் கதவு இந்த வருடமும் திறக்காது, அடுத்த வருடமும் திறக்காது. சுற்றி வரும் மாநாட்டில் இன்றைக்கு விடுபட்டவருக்கு நாளைக்கு ஒரு வாய்ப்பு உண்டு.

இதற்கு நல்ல உதாரணம் 2022-ஆம் ஆண்டு. 2020-ல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் கூடத் திட்டமிட்டிருந்தார்கள். கொரோனாவால் அந்த ஆண்டும் 2021-லும் இணையவழியில் மட்டுமே நடந்தது. 2022-ல் கொசோவோ நாட்டின் பிரிஸ்ரன் நகரில் மறுபடி நேரில் கூடினார்கள். முன்பு ஜெர்மன் படையினர் தங்கியிருந்த முகாம், இன்று பயிற்சிப் பூங்காவாக மாறியிருக்கிறது. அங்கேதான் மாநாடு.

கொசோவோவை எல்லா நாடுகளும் அங்கீகரிக்கவில்லை. இந்தியாவும் அங்கீகரிக்கவில்லை. டில்லியில் அவர்களுக்குத் தூதரகமே கிடையாது. நம்மூர் மாணவர் ஒருவர் போக நினைத்திருந்தால் எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கும்! "அப்படின்னா தப்பான ஊரைத்தானே தேர்ந்தெடுத்திருக்காங்க?" என்று எனக்கும் முதலில் தோன்றியது. பிறகு மறுபக்கத்தையும் படித்தேன். கொசோவோ குடிமக்களுக்கு 2024 ஜனவரி 1 வரை, பக்கத்தில் இருக்கும் ஷெங்கன் நாடுகளுக்குப் போகவே விசா வேண்டியிருந்தது. ஜெர்மனியிலோ பிரான்சிலோ மாநாடு நடந்தால் அந்த நாட்டு மாணவர்கள் விசா வரிசையில் நிற்க வேண்டும். 2022-ல் அவர்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. மாநாடே அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தது.

எல்லோருக்கும் பொருந்தும் ஊர் உலகத்தில் கிடையாது. ஒவ்வொரு ஊரும் சிலரை உள்ளே விடும், சிலரை வெளியே நிறுத்தும். அதனால் 'எது நல்ல ஊர்?' என்று கேட்டால் மட்டும் போதாது. 'இந்த ஊர் என்றால் யாரால் வர முடியாது? அவர்களுக்கு இதற்கு முன்னால் எப்போது வாய்ப்பு கிடைத்தது?' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். பயணச் செலவுக்குப் பணம் இல்லாதவர்களுக்கு டெபியன் உதவித்தொகை கொடுக்கிறது. பணக் கதவை உதவித்தொகை திறக்கும். விசாக் கதவை அது திறக்காது.

கொச்சி 2023

நமக்குப் பக்கத்தில் நடந்த கதைக்கு வருவோம். 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை டெப்கான்ஃப் கேரளத்தின் கொச்சியில் நடந்தது. இந்தியாவில் அதுவே முதல் முறை. இடம் காக்கநாடு இன்ஃபோபார்க் வளாகத்தில் உள்ள ஒரு ஹோட்டல். தங்குவதும் பேச்சும் சாப்பாடும் ஒரே கூரையின் கீழ். 35 நாடுகளிலிருந்து 474 பேர் வந்தார்கள்.

டில்லி, மும்பை, பெங்களூரு இருக்கும்போது கொச்சிக்கு எப்படிக் கிடைத்தது? ஐந்து கதவுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கதவு ஆள். கேரளத்தில் கட்டற்ற மென்பொருளுக்கு உழைக்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். அங்கே பள்ளிக்கூடங்களிலேயே லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம்மூரில் கம்ப்யூட்டர் லேப் என்றாலே ஒரே ஒரு நிறுவனத்தின் மென்பொருள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்து மாநிலத்துப் பிள்ளைகள் டெர்மினல் திறக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த விதைதான் மரமானது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நேராகப் பெரிய தேரை இழுக்க அவர்கள் போகவில்லை. சின்னத் தேரை இழுத்துப் பழகினார்கள். 2022 நவம்பரில் பாலக்காட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் 'மினி டெப்கான்ஃப்' நடந்தது. 2023 ஜனவரியில் நம் விழுப்புரத்திலேயே ஒன்று நடந்தது. விழுப்புரத்து லினக்ஸ் பயனர் குழுவின் முயற்சி அது. சென்னையோ கோவையோ இல்லை, விழுப்புரம்! ஐடி பார்க் இருக்கிற ஊர் அந்த மாநாட்டைக் கேட்கவில்லை. ஆள் இருக்கிற ஊர் கேட்டது.

இரண்டாவது கதவான விசா இந்தியாவில் எளிதானது இல்லை. பன்னாட்டு மாநாட்டுக்கு வெளிநாட்டவர் வருவதற்கு மாநாட்டு விசா என்று தனி வகை உண்டு. மத்திய அரசின் அனுமதியைப் பெறுவதும், அழைப்புக் கடிதங்களைக் கொடுப்பதும் நடத்துபவர்கள் தலையில்தான் விழும். மேடையில் பேசுபவர் புகைப்படத்தில் வருவார். இந்தக் காகித வேலை பார்த்தவர் எந்தப் படத்திலும் வரமாட்டார்.

எழுதாமல் விட மனம் வராத ஒரு விஷயமும் உண்டு. டெப்கான்ஃபின் நடுவில் ஒரு நாள் எல்லோரும் சுற்றுலா போவது வழக்கம். கொச்சியில் அந்த நாள் செப்டம்பர் 13. அன்று கயாக் படகில் போனபோது, இந்திய டெபியன் சமூகத்தின் இளம் உறுப்பினர் ஒருவர் நீரில் மூழ்கி இறந்துவிட்டார். மாநாடு முழுவதும் துக்கத்தில் ஆழ்ந்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாமும் ஐ.வி. போகிறோம், டூர் போகிறோம். அருவியும் அணையும் கடலும் பார்த்தவுடன் குதிக்கிற வயது நம்முடையது. ஊர்த் தேர்வின் பட்டியலில் 'சுற்றிப் பார்க்கும் இடம்' என்று ஒரு வரி எழுதும்போது, அதற்குக் கீழே 'பாதுகாப்பு' என்று இன்னொரு வரியும் எழுத வேண்டும். மிதவை உடை எல்லோருக்கும் உண்டா? நீச்சல் தெரியாதவர் யார் யார்? பக்கத்து மருத்துவமனை எத்தனை நிமிடத் தொலைவு? இதைக் கேட்க ஒரு ஆள் பெயர் குறிப்பிட்டு நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். சுற்றுப்புறத்துக்கு மதிப்பெண் போடலாம். உயிருக்கு மதிப்பெண் போட முடியாது. அது தொடர் இணைப்பில் ஆறாவது கதவு.

மாற்று வழி இல்லாத திட்டம் திட்டமே இல்லை

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் இயற்கை ஒரு வினாத்தாள் வைத்திருக்கும். ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் ஊர் மாறி ஊர் நடந்துவந்த லினக்ஸ் மாநாடு 2011 ஜனவரியில் பிரிஸ்பேன் நகரில் நடக்க வேண்டும். ஆற்றங்கரையில் உள்ள பல்கலைக்கழக வளாகம் ஏற்பாடாகி இருந்தது. மாநாட்டுக்கு ஏறத்தாழ பத்து நாள் இருக்கும்போது பிரிஸ்பேனில் பெருவெள்ளம்! நடத்துபவர்களின் ஊரே தண்ணீரில். ஆனாலும் மாநாடு நிற்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகமான கெல்வின் குரோவுக்கு மாற்றி, ஜனவரி 24-ஆம் தேதி தொடங்கிவிட்டார்கள்.

இது எப்படி முடிந்தது? மாற்று இடம் கேட்டவுடன் கொடுக்கும் அளவுக்கு உள்ளூர்க் குழுவுக்குப் பழக்கம் இருந்தது. வெளியூரிலிருந்து ஹோட்டலுக்கு அட்வான்ஸ் கட்டியவர்களால் இதைச் செய்திருக்க முடியாது. முதல் கதவு ஏன் 'ஆள்' என்பது இப்போது விளங்குகிறதா? சென்னை வெள்ளத்தை 2015-ல் பார்த்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். டிசம்பரில் கடலோர ஊரில் விழா வைப்பவர்கள் 'மழை வந்தால்?' என்ற கேள்விக்குப் பதில் எழுதிவிட்டுத்தான் நோட்டீஸ் அடிக்க வேண்டும்.

நம்மால் முடியுமா?

"இதெல்லாம் ஐஐடி, அண்ணா யுனிவர்சிட்டிக்காரங்க சமாச்சாரம். நாம டிப்ளமோ தானே!" என்று நம்மில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அவருக்காக மூன்று தகவல்கள்.

2007-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டெப்கான்ஃப் நடந்த இடம் டெவியட் ரோ ஹவுஸ். அது என்ன தெரியுமா? அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கக் கட்டிடம்! இந்த மலரை வெளியிடுகிறதே நம் மாணவர் சங்கம், அதைப் போன்ற ஒன்றின் கட்டிடம்.

2017-ல் மான்ட்ரியாலில் நடந்த இடம் மேசன்நேவ் கல்லூரி. கியூபெக் மாநிலத்தில் பள்ளி முடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் படிக்கும் கல்லூரி வகை அது. தொழில்நுட்ப டிப்ளமோவும் அங்கே கொடுக்கிறார்கள். ஏறக்குறைய நம் பாலிடெக்னிக் மாதிரி.

2019-ல் குரிச்சிபாவில் நடந்த இடம் பரானா கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1909-ல் ஏழைப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் பள்ளியாகத் தொடங்கியது அது. நம் வொர்க்‌ஷாப்பில் அரம் பிடித்து இரும்பு தேய்க்கிறோமே, அந்த வகையில் தொடங்கிய பள்ளிக்கூடம் நூற்றுப்பத்து வருடம் கழித்து உலக மாநாட்டுக்கு வாசல் திறந்தது.

ஆகவே 'டிப்ளமோ தானே' என்ற பேச்சு வேண்டாம். நம்மிடம் வொர்க்‌ஷாப் இருக்கிறது, லேப் இருக்கிறது, த்ரீ ஃபேஸ் இணைப்பு இருக்கிறது, கோடை விடுமுறையில் ஹாஸ்டல் காலியாக இருக்கிறது. குறைவது ஒன்றுதான்: சேர்ந்து நிற்கும் பத்துப் பேர். அதற்கு ஒரு சின்ன வழி சொல்கிறேன். முதலில் ஒரு சனிக்கிழமை, பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவிக் கொடுக்கும் ஒரு நாள் முகாம். அடுத்த பருவத்தில் பக்கத்துப் பாலிடெக்னிக் நண்பர்களையும் கூப்பிட்டு ஒரு நாள் கூட்டம். அதற்கடுத்த வருடம் இரண்டு நாள் மாநிலக் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதி, எங்கே சொதப்பினோம் என்பதையும் எழுதி, அடுத்து வரும் ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மூன்று வருடத்தில் நாம் போய்விடுவோம். நோட்டுப் புத்தகம் இங்கேயே இருக்கும்.

ஊர் கேட்கப் போகும் முன் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருக்கட்டும்:

1. கடைசி நாள் வரை நிற்கும் ஆட்கள் எத்தனை பேர்?
2. யாரால் வர முடியாது? அவர்களுக்கு என்ன வழி?
3. அரங்கமும் தங்குமிடமும் ஒரே தேதியில், எழுத்து மூலம் உறுதியா?
4. மின்சுமைக் கணக்கு போட்டாயிற்றா? ஜெனரேட்டருக்கு டீசல் யார் பொறுப்பு?
5. பணம் யார் பெயரில் வருகிறது? கணக்கை யார் பார்ப்பார்கள்?
6. சக்கர நாற்காலியில் வருபவர் மேடை வரை போக முடியுமா?
7. பெண்கள் இரவு எட்டு மணிக்கு அரங்கத்திலிருந்து விடுதிக்குப் பயமில்லாமல் போக வழி உண்டா?
8. மருத்துவமனை, ஆம்புலன்ஸ், முதலுதவி?
9. மழை வந்தால்? பஸ் ஸ்டிரைக் வந்தால்?
10. முடிந்த பிறகு குப்பையை அள்ளுவது யார்?

பத்தாவது கேள்விக்கு யாருடைய கை முதலில் உயர்கிறதோ, அவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்தான் கடைசி வரை நிற்பார்.

முடிவாக ஒன்று. கல்யாண மண்டபம் பெரிதா சிறிதா என்று நாலு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். "எங்க பாட்டியால வர முடியலையே" என்ற குறை மட்டும் முப்பது வருடம் ஆனாலும் போகாது. மாநாட்டுக்கு ஊர் பார்க்கும்போது அந்தப் பாட்டியை நினைத்துக்கொண்டு பார்த்தால் பாதித் தவறு நடக்காது. அடுத்த ஆண்டு மலரில், நம் கல்லூரியில் நடந்த கூட்டத்தைப் பற்றி ஒரு ஜூனியர் எழுதட்டும். படிக்கக் காத்திருக்கிறேன்.